எழுதும் அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு மாதங்களாக மனத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே இறக்கி வைக்கிறேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். கணவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார். மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. என் சிறுகதைகள் ஐந்தாறு சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தாவின் காலத்தைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வந்தேன்; 112 பக்கங்கள் ஆகியிருந்தன.

ஆடி மாதம் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. இப்போது பிடித்துக்கொண்டால் காலைச் சற்று ஊன்றுகிறார், பேச்சு திரும்பவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தலைமாட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரை இடது கையால் எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். விடாமல் தட்டினால் கழிவறைக்குப் போக வேண்டும். இரவு பதினொரு மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு நோட்டைத் திறந்தால், கண் தாளில் இருக்கிறதே தவிர, காது அந்த டம்ளரிடம் நிற்கிறது. ஓசையே வராத இரவுகளிலும் ஒரு வரி நகரவில்லை.

எழுத உட்கார்ந்தால் அத்தையிடமிருந்து எதையோ திருடுவது போல இருக்கிறது. எழுதாமல் படுத்தால் தாத்தாவை நடுவழியில் மூட்டையோடு நிறுத்திவிட்டு வந்தது போல இருக்கிறது. மகளின் தேர்வு முடிந்து, அத்தை தேறி, வீடு ஒரு நிலைக்கு வரும்வரை நாவலை மூடி வைத்துவிடுவதா, அல்லது கிடைக்கும் பத்துப் பத்து நிமிடங்களில் தொடர்வதா? இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை ஆசிரியர் (புதுச்சேரி) எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மூடி வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றபின் எழுதலாம் என்று சேர்த்து வைத்த குறிப்புகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. ஓய்வு பெற்ற மறு மாதமே பேரப்பிள்ளைகள் வந்தார்கள்; அடுத்து எனக்குக் கண்புரை; அடுத்து வீட்டுக்காரிக்கு மூட்டுவலி. வீடு ஒரு நிலைக்கு வரும் நாள் என்று ஒன்று இருப்பதாக நம்பி நான் இழந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரதிதாசன் 1909-இல் ஆசிரியர் வேலையில் சேர்ந்து 1946-இல்தான் ஓய்வு பெற்றார். 1938-இல் அவருடைய கவிதைகளின் முதல் தொகுதி வெளிவந்தபோதும் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் முந்தியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. வணிகர், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கிய நாட்குறிப்பை 1761-இல் சாகும் ஆண்டுவரை எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கின் விலை, கவர்னர் பேசியது, வீட்டு விசேஷம், சண்டை, சாவு எல்லாம் அதே ஏட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எழுதுவதற்காக அவர் வியாபாரத்தை நிறுத்தவில்லை. நம் எழுத்தாளர் கி. ரா. (கி. ராஜநாராயணன்) விவசாயியாக இருந்தவர்; 65 வயதுக்கு மேல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்து, 2021 மே 17-இல் இறக்கும்வரை இங்கே லாஸ்பேட்டையில்தான் இருந்தார். கடைசிக் காலம்வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை இந்தப் பகுதியில் இருப்பவர்கள் அறிவார்கள்.

பத்து நிமிடம் போதும் அம்மா. ஒரு நாளைக்கு ஐந்து வரி.

வெள்ளைத்தாள் (புதுச்சேரி) எழுதியது:

ஆசிரியர் ஐயா மீது மதிப்பு உண்டு; ஆனால் இந்த இடத்தில் உடன்பட முடியவில்லை. நாட்குறிப்பை அன்றன்றைக்கு எழுதலாம். பாடல் ஒன்று மனத்தில் ஓடி ஒரே இரவில் தாளுக்கு வரலாம். நாவல் அப்படி அன்று. நூறு மனிதர்களையும் ஒரு காலத்தையும் தலைக்குள் முழுதாக வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பப் போய்த் தூக்கினால் ஏதாவது ஒன்று சிதறிவிடும்.

கெடிலக்கரை அவர்கள் வசிக்கும் அதே திருப்பாதிரிப்புலியூரில்தான் 1906 ஏப்ரல் 25-இல் புதுமைப்பித்தன் பிறந்தார். நிலையான வேலை, நிலையான வருமானம், நிலையான வீடு எதையும் பற்றிக்கொள்ளாமல் பத்திரிகைகளை நம்பிச் சென்னைக்குப் போனார். காசநோயில் 1948-இல், 42 வயதில் இறந்தார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்ததைத் தமிழ்ச் சிறுகதை இன்றுவரை சுமந்து வருகிறது. எழுத்துக்கு முழுமையாகக் கொடுத்தவர்களுக்குத்தான் அது திரும்பக் கொடுக்கும் என்று நான் நம்புகிறேன். எனக்கு 26 வயது. எழுதுவதற்காகவே வேலையை விட்டிருக்கிறேன். முழுதாகக் கொடுக்க முடியாத காலத்தில் நாவலைத் தொடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. தேர்வு முடியட்டும், மாமியார் தேறட்டும்.

முத்தியால்பேட்டை வீட்டுக்காரி எழுதியது:

நான் எழுதுபவள் அல்ல. 28 ஆண்டுகளாக எழுதுபவர் ஒருவரின் மனைவி. இங்கே நடக்கும் உரையாடல்களைப் படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளைத்தாள் தம்பி, புதுமைப்பித்தன் எல்லாவற்றையும் கொடுத்தார் என்கிறீர்கள். அவர் சென்னையில் இருந்த காலத்தில் அவர் மனைவி கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் தாய்வீட்டில் இருந்தார். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவே வந்தன. பணம் இன்னும் வரவில்லை, வந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று காத்திருக்கச் சொல்லும் கடிதங்களை அவற்றில் படிக்கும்போது, வாசலில் தபால்காரரைப் பார்த்து நிற்கும் பெண்ணைத்தான் நான் பார்த்தேன். அந்தப் பெண்ணும் கதை எழுதியவர். கமலா விருத்தாசலம் என்ற பெயரில் சிறுகதைத் தொகுப்பு இருக்கிறது. அவர் எழுதாமல் போன கதைகள் எத்தனை என்று கேட்க இன்று யாரும் இல்லை.

எங்கள் ஊரில் பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்து ஆண்டுகள் இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அந்த வீட்டைப் பார்க்க வருபவர்களுக்கெல்லாம் சமைக்க வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்த கதை தெரியும். கேட்கும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் அன்று மதியம் பிள்ளைகளுக்குச் சோறு வைக்க வேறு அரிசிக்குப் போன கால்கள் செல்லம்மாளுடையவை. கவிஞருக்கு மனைவியாக வாழ்வது எளிதன்று என்று அந்த அம்மையார் 1951-இல் திருச்சி வானொலியில் வெளிப்படையாகவே பேசினார். அவர் கணவரைக் குறை சொல்வதற்காகப் பேசவில்லை, பெருமையோடுதான் பேசினார். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் எங்களுக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. எங்கள் வீட்டு ஓடுகள் பாதி பறந்தன. அவருடைய கவிதை நோட்டுகள் ஆறு, பரண்மேல் அட்டைப் பெட்டியில் இருந்தவை, ஊறிப்போயின. அவர் அதைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, சின்னவனுக்குக் காய்ச்சல். நான் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முறத்தில் பரப்பி, பறக்காமல் இருக்க ஓரத்தில் புளியங்கொட்டைகளை வைத்து, வெயில் நகர நகர முறத்தை நகர்த்திக்கொண்டே இருந்தேன். மைப்பேனாவால் எழுதியது கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. பால்பாயிண்டில் எழுதியது நின்றது. மூன்று நாட்கள். நான்கு நோட்டுகள் தப்பின. இரண்டு ஆண்டு கழித்து அவை புத்தகமாயின. முன்னுரையில் இருபதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்றி இருந்தது. அந்த முறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவர் கெட்டவர் அல்லர். அவருக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான். எழுதும் நேரம் வானத்திலிருந்து தனக்குக் கிடைக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் காலை ஐந்திலிருந்து ஏழுவரை அவர் எழுதினார் என்றால், அந்த இரண்டு மணி நேரமும் என்னுடையது. தண்ணீர் பிடித்தது, பால் வாங்கியது, பிள்ளைகளை எழுப்பியது, வாசலில் வந்தவரிடம் அவர் தூங்குகிறார் என்று பொய் சொன்னது எல்லாம் நான். கேட்டிருந்தால் மனமாரக் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே முள்ளாகக் கிடந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இதையெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "காலையில் எனக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். உனக்கு எப்போது வேண்டும்?" என்று கேட்டார். மாலையில் எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்றேன். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலைக்கு எதிரே உள்ள சுவரில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவேன். அந்த நேரத்தில் அடுப்பு அவருடையது. முதல் மாதம் சாம்பாரில் பருப்பு வேகாது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கெடிலக்கரை அம்மா, பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா என்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எழுதுகிறீர்கள் என்பது உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? யாரிடமாவது வாய்விட்டுக் கேட்டீர்களா?

இரவுப்பணி (நெய்வேலி) எழுதியது:

முத்தியால்பேட்டை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவியிடம் போனைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசிக்கொள்வோம்.

செய்முறையாக ஒன்று மட்டும். ஷிப்ட் மாறும் வீட்டில், தினமும் இத்தனை மணிக்கு எழுதுவேன் என்ற தீர்மானம் பத்து நாள்கூட நிற்காது. பதினைந்து ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன். முதல் ஷிப்ட் வாரத்தில் மாலை கிடைக்கும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பிள்ளைகளின் முகத்தையே பார்க்க முடியாது. இரவு ஷிப்ட் வாரத்தில் உடம்பு எழுத விடாது. ஆகவே நாள் கணக்கை விட்டுவிட்டு ஷிப்ட் அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, எந்த வாரம் எழுதுவது, எந்த வாரம் வெறுமனே படிப்பது என்று அதிலேயே குறித்து வைக்கிறேன். எழுதாத வாரத்தில் குற்ற உணர்வு வருவதில்லை, ஏனென்றால் அது எழுதும் வாரமே அல்ல. தம்பி சொன்ன சிதறலுக்கும் ஒரு வழி உண்டு. நோட்டை மூடும்போது, அடுத்து யார் வாசலில் நுழையப் போகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள். பத்து நாள் கழித்துத் திறந்தாலும் அந்த ஆள் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்.

தடைக்காலம் (தேவனாம்பட்டினம்) எழுதியது:

வணக்கம். நான் விசைப்படகில் தொழில் செய்பவன். எங்கள் கடல் சொற்களை ஐந்து ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றுக்கு நான்கு பெயர்களோடு தொடங்கினேன். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், போகும் திசைக்கே எங்கள் பெரியவர்களிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். முழுதாக நேரம் கிடைத்தால்தான் எழுத முடியும் என்று சொன்ன தம்பிக்காக இதைச் சொல்கிறேன். முதல் ஆண்டு நானும் அந்த 61 நாட்களில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கை நிறைய நேரம். கையில் காசு இல்லை. அரசு தரும் நிவாரணத் தொகை கடனுக்குப் போனது. மகளுக்குப் பள்ளிக் கட்டணம், படகுக்குப் பழுது பார்க்கும் செலவு. விடிந்ததிலிருந்து திண்ணையில் நோட்டோடு இருப்பேன். நான்கு சொல் தேறாது. தொழில் நடக்கும் மாதங்களில் வலையை இழுத்துவிட்டு, கை ஈரத்தோடு சிகரெட் அட்டையில் கிறுக்கிக்கொண்டு வந்தவைதான் என் தொகுப்பில் பெரும்பகுதி. ஆகையால் நேரம் வேறு, மனம் வேறு. உங்கள் பதிவில் டம்ளர் ஓசைக்காகக் காது நிற்கிறது என்றீர்களே, அதுவும் அதேதான். அந்த ஓசைக்கு வேறு ஒருவர் காது கொடுக்காத வரையில் உங்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைத்தும் பயன் இல்லை.

இன்னொன்று. முதுநகர்த் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் மூட்டை என்றால் பெரும்பாலும் மல்லாக்கொட்டை (நிலக்கடலை) மூட்டை. எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்களோ தெரியாது. அதனால் சொல்லி வைத்தேன்.

வெள்ளைத்தாள் எழுதியது:

முத்தியால்பேட்டை அம்மாவின் பதிவை நேற்று இரவு படித்தேன். பதில் எழுத இன்று மாலை ஆகிவிட்டது. நாவல் துண்டு துண்டாக வராது என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் எழுத்துக்கு முழுமையாகக் கொடுப்பதைப் பற்றி எழுதியபோது, வேலையை விட்ட இந்த எட்டு மாதமும் வீட்டு வாடகையும் சாப்பாடும் என் அக்காவின் சம்பளத்தில் நடக்கின்றன என்பதை நான் எழுதவில்லை. குபேர் அங்காடிக்கு எதிரே ஒரு துணிக்கடையில் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நின்றுகொண்டே வேலை செய்கிறார். நான் எழுதியதில் ஒரு பக்கத்தைக்கூட அவரிடம் படிக்கக் கொடுத்ததில்லை. இன்று கொடுத்தேன்.

லாஸ்பேட்டை ஆசிரியர் எழுதியது:

நான் பாரதிதாசனின் 37 ஆண்டுகளைக் கணக்கிட்டுச் சொன்னேன். பெருமாள் கோயில் தெருவில் அந்த வீட்டை நடத்தியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பிலும் நான் அதைச் சொன்னதில்லை. முத்தியால்பேட்டை அம்மாவுக்கு என் வணக்கம்.

கெடிலக்கரை எழுதியது:

பதில் எழுத மூன்று வாரங்கள் ஆகிவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நாவல் எழுதுகிறேன் என்று என் கணவருக்குத் தெரியும். ஆனால் நேரம் வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பெண்கள் கேட்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எல்லாரும் தூங்கிய பிறகு மிச்சமாகும் நேரம்தான் என்னுடையது என்று நானே வைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுவது போலத்தான் அதுவும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். அவர் முதலில் சொன்னது: "இவ்வளவு நாள் ராத்திரியில் வெளிச்சம் போட்டுக்கொண்டு என்ன செய்கிறாய் என்று நினைத்தேன், பள்ளிக்கூடக் கணக்கு என்றல்லவா இருந்தேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு ஷிப்ட் அட்டவணையை நெய்வேலி அண்ணன் சொன்னபடியே அரிசி டிரம்முக்கு மேலே ஒட்டினோம். அவர் முதல் ஷிப்டில் இருக்கும் வாரங்களில் செவ்வாயும் சனியும் இரவு எட்டரை முதல் பத்துவரை அத்தையின் கட்டிலருகே அவர் உட்காருவார். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் எழுத்து இல்லை. மகளைக் காவல் வைக்கலாம் என்றார். அவளுக்குப் படிப்பு இருக்கிறது, வேண்டாம் என்றேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நானும் கேட்டேன். இரவு ஷிப்ட் முடித்து வரும் நாட்களில் பத்து மணிவரை யாரும் எழுப்பக் கூடாது, கேஸ் வந்தாலும் தண்ணீர் லாரி வந்தாலும் கூப்பிடக் கூடாது என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் அதை என்னிடம் கேட்டதில்லை.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். முதல் செவ்வாயன்று ஒன்றரை மணி நேரமும் கடைசிப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அவருக்கு ஓவர்டைம் வந்துவிட்டது. அடுத்த செவ்வாய் பதினொரு வரி.

அத்தையிடமும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பேச்சு இல்லாதவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கியதுதான் தவறு; அவருக்குக் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நான் தாத்தாவைப் பற்றி ஒரு கதை எழுதுகிறேன், செவ்வாயும் சனியும் கொஞ்ச நேரம் உங்கள் பிள்ளை பக்கத்தில் இருப்பார், சம்மதமா?" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரை எடுத்து ஒரே ஒரு முறை தட்டினார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தேவனாம்பட்டினம் அண்ணனுக்கு: நான் வெறும் "சரக்கு மூட்டை" என்றே 112 பக்கமும் எழுதியிருந்தேன். மல்லாக்கொட்டை மூட்டை என்று திருத்தத் தொடங்கியிருக்கிறேன். அந்தச் சொல்லை எழுதியதும் தாத்தாவின் தோளில் ஒட்டியிருந்த சிவப்புத் தோல் தூள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எழுபதாம் பக்கம்வரை வந்திருக்கிறேன். நாளை சனிக்கிழமை, அவருக்கு முதல் ஷிப்ட்.